பாறையில இருந்து கரண்டுக்கு: ஜியோசயின்ஸ் படிச்சவங்க எலக்ட்ரிக்கல், ரினியூவபிள் எனர்ஜி பக்கம் போறதுக்கு முழு வழிகாட்டி

நாலு இரும்புக் கம்பியை ஒரே நேர்கோட்டுல சம இடைவெளி விட்டு மண்ணுல அடிச்சு, ஓரத்துல இருக்குற ரெண்டு கம்பி வழியா கரண்ட் அனுப்பி, நடுவுல இருக்குற ரெண்டுக்கும் இடையில எவ்வளவு வோல்டேஜ் வருதுன்னு நோட்ல குறிச்ச அனுபவம் உங்களுக்கு இருந்தா, இந்தப் பாதையில கொஞ்ச தூரம் நீங்க ஏற்கனவே நடந்துட்டீங்க. ஃபிராங்க் வென்னர் 1915-ல சொன்ன முறை அது. நம்ம அதை வச்சு தண்ணி தேடுறோம், பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பாக்குறோம். சப்ஸ்டேஷன் கட்டுற எலக்ட்ரிக்கல் இன்ஜினியரும் அதே நாலு கம்பியைத்தான் அடிக்கிறாரு, அதே கணக்கைத்தான் போடுறாரு, பேரு மட்டும் வேற.

நான் ஜியோபிசிக்ஸ் படிச்சு எட்டு வருஷம் ஃபீல்டு சர்வே பாத்துட்டு அப்புறம் பவர் பக்கம் வந்தவன். வந்த புதுசுல நான் பண்ணின பெரிய தப்பு, பழைய படிப்பை மறந்துட்டு எல்லாத்தையும் முதல் எழுத்துல இருந்து ஆரம்பிக்கணும்னு நினைச்சது. அப்படிப் போனா இருபத்திரண்டு வயசுல எலக்ட்ரிக்கல் முடிச்சு வர்ற பசங்களோட அவங்க மைதானத்துலயே மோதணும். அதுக்கு பதிலா பூமியும் கரண்டும் சந்திக்கிற இடம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, அந்த வாசல் வழியா உள்ள போய், உள்ள போனதுக்கு அப்புறம் மத்த அறைகளுக்கு நடந்து போறதுதான் சரியான வழின்னு இப்ப உறுதியா சொல்வேன். கீழ சொல்ற எல்லாமே அந்த ஒரு எண்ணத்தை வச்சுத்தான்.

படி 1: எந்த வாசல்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"ரினியூவபிள் எனர்ஜிக்குப் போறேன்"னு சொல்றது "கடலுக்குப் போறேன்"னு சொல்ற மாதிரி, மீன் பிடிக்கவா குளிக்கவா கப்பல் ஓட்டவான்னு யாருக்கும் புரியாது. நம்ம ஆளுங்களுக்குத் திறந்திருக்குற வாசல்கள் இவ்வளவுதான்.

ஜியோதெர்மல் ரொம்பப் பக்கத்துல இருக்குற வாசல். இத்தாலியில லார்டெரெல்லோவுல 1904 ஜூலை 4-ஆம் தேதி பியேரோ ஜினோரி கோன்ட்டி பூமிக்குள்ள இருந்து வந்த நீராவியை வச்சு அஞ்சு பல்பு எரிய வச்சாரு, அங்க இருந்துதான் இந்தக் கதை தொடங்குது. மேக்னட்டோடெல்லூரிக்ஸ் (பூமியில இயற்கையா வர்ற மின்காந்த அலையை அளந்து ஆழத்துல பாறை எப்படின்னு பாக்குற முறை) தெரிஞ்சவங்க, கிணத்து லாக் படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இங்க நேரடியா இடம் இருக்கு. ஆனா இங்க போனா நீங்க பெரும்பாலும் ஜியோசயின்டிஸ்டாவே இருப்பீங்க, எலக்ட்ரிக்கலுக்கு மாறுறதுதான் ஆசைன்னா இது பாதி வழிதான்.

கடல் காத்தாலை அடுத்தது. 1991-ல டென்மார்க்ல விண்டெபின்னு பதினோரு டர்பைனோட ஆரம்பிச்ச துறை இது. கடலடி மண் எப்படி இருக்கு, பெரிய குழாய் மாதிரி இருக்குற மோனோபைலை அடிக்க முடியுமா, கேபிளை எந்த வழியா புதைக்கிறதுன்னு எல்லாமே நம்ம சர்வேயை நம்பித்தான் நிக்குது. கேபிள் ரூட் வேலையில சேந்தா மெதுவா எலக்ட்ரிக்கல் டீமோட பேச ஆரம்பிச்சிடுவீங்க.

மூணாவது எர்த்திங் (கோளாறு வந்தா கரண்டைப் பாதுகாப்பா மண்ணுக்குள்ள இறக்குற ஏற்பாடு), நிலத்தடி கேபிள். எனக்குப் பிடிச்ச வாசல், கூட்டமும் ரொம்பக் குறைவு. கீழ இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கேன்.

நாலாவது சோலார், காத்து வளத்தை அளந்து வருஷத்துக்கு எவ்வளவு யூனிட் வரும்னு சொல்ற வேலை. டேட்டா, புள்ளியியல், மேப் இது மூணும் கைவந்தவங்களுக்கு ஏத்தது.

அஞ்சாவது கிரிட் ஸ்டடி, அதாவது எந்த லைன்ல எவ்வளவு பவர் ஓடுது (லோடு ஃப்ளோ), கோளாறு வந்தா எவ்வளவு கரண்ட் பாயும் (ஷார்ட் சர்க்யூட்), அதைத் தாங்கி கிரிட் நிக்குமா (ஸ்டெபிலிட்டி). இதுக்குப் படிப்பு கூட வேணும், ஆனா வாய்ப்பும் இங்கதான் அதிகம். பவர் எலக்ட்ரானிக்ஸ், அதாவது இன்வெர்ட்டருக்குள்ள இருக்குற சர்க்யூட்டை டிசைன் பண்றது, ரொம்ப தூரம், முழு நேரமா படிக்கத் தயாரா இருந்தா மட்டும் அந்தப் பக்கம் பாருங்க.

என் யோசனை, மூணுலயோ நாலுலயோ நுழைஞ்சு அஞ்சுக்குப் போங்க.

படி 2: உங்ககிட்ட ஏற்கனவே என்ன இருக்குன்னு எழுதிப் பாருங்க

இதை மனசுக்குள்ள நினைச்சா போதாது, பேப்பர்ல எழுதணும், ஏன்னா நம்ம அறிவு வேற பேர்ல ஒளிஞ்சுட்டு இருக்கு, எழுதும்போதுதான் வெளிய வரும்.

ஸ்கின் டெப்த், அதாவது ஏசி கரண்ட் ஒரு பொருளுக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்கும்ங்கிறதை எடுத்துக்கோங்க. எலக்ட்ரோமேக்னட்டிக் சர்வே பண்ணினவங்களுக்குத் தெரியும், ரெசிஸ்டிவிட்டியை (ஒரு பொருள் கரண்டை எவ்வளவு தடுக்கும்ங்கிற அளவு) ஃப்ரீக்வென்சியால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503-ஆல பெருக்கினா மீட்டர்ல ஆழம் வரும். 100 ஓம்-மீட்டர் மண், 50 ஹெர்ட்ஸ்னா சுமார் 710 மீட்டர். இப்ப அதே கணக்குல மண்ணுக்கு பதிலா செம்பைப் போடுங்க, 9 மில்லிமீட்டர் சொச்சம் வரும். தடிமனான கேபிள்ல கரண்ட் ஏன் நடுவுல ஓடாம ஓரமா ஓடுது, பெரிய கண்டக்டரை ஏன் துண்டு துண்டா பிரிச்சு முறுக்குறாங்கன்னு எலக்ட்ரிக்கல் பசங்க ஒரு செமஸ்டர் படிக்கிற விஷயம் உங்களுக்கு ஒரே நிமிஷத்துல புரிஞ்சிடும்.

சீஸ்மிக் பண்ணினவங்களுக்கு ஃபூரியர், ஃபில்டர், ஏலியாசிங் எல்லாம் தண்ணி பட்ட பாடு. கிரிட்ல ஹார்மோனிக்ஸ்னு ஒன்னு இருக்கே, 50 ஹெர்ட்ஸ் அலையில 250, 350-ன்னு வேண்டாத அலைகள் கலந்து வர்றது, அதைப் பிரிச்சுப் பாக்குறதும் அதே ஃபூரியர்தான். எண்ணெய் வளத்துல பி-90, பி-50-ன்னு சொல்லிப் பழகினவங்க சோலார் பிளான்ட் ரிப்போர்ட்டைத் திறந்தா அங்கயும் அதே ரெண்டு வார்த்தை நிக்கும், அர்த்தமும் அதேதான், பி-90-ன்னா அதுக்கு மேல வர்றதுக்கு தொண்ணூறு சதவீதம் வாய்ப்பு. பேங்க் கடன் கொடுக்கும்போது பெரும்பாலும் அந்தப் பி-90-ஐத்தான் பாக்கும். அரைகுறை டேட்டாவை வச்சுட்டு எவ்வளவு நிச்சயம்னு சேத்து சொல்ற பழக்கம் நம்ம தொழில்லயே ஊறினது, இதுக்கு நல்ல மதிப்பு இருக்கு.

அதே மாதிரி வார்த்தைகள்லயும் கவனம் வேணும். "ஃபால்ட்"னா நமக்குப் பாறை நகந்த கோடு, அவங்களுக்கு கரண்ட் போகக்கூடாத வழியில போறது. முதல் மீட்டிங்ல "இந்த சைட்ல ஃபால்ட் லெவல் எவ்வளவு"ன்னு கேட்டப்ப நான் ஜியாலஜி மேப்பைத் திறந்தேன், அவங்க கேட்டது எத்தனை கிலோ-ஆம்பியர்னு. இப்படி ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வர்றதை எல்லாம் தனியா ஒரு பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க.

படி 3: இல்லாததை வரிசையா நிரப்புங்க

இங்கதான் நிறைய பேர் அரைக்கிணறு தாண்டுறாங்க. சோலார் கோர்ஸ் ரெண்டு ஆன்லைன்ல முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிடுவாங்க, ஆனா மூணு ஃபேஸ்னா என்னன்னு கேட்டா முழிப்பாங்க. அடிப்படை இல்லாம மேல கட்டினா இன்டர்வியூவுல பத்தாவது நிமிஷம் தெரிஞ்சிடும். நான் படிச்ச வரிசை இது.

முதல்ல டிசி சர்க்யூட், கிர்க்காஃப் விதிகள், தெவினின். அப்புறம் ஏசி. 1893-ல ஸ்டெய்ன்மெட்ஸ் ஏசியை காம்ப்ளெக்ஸ் நம்பரா எழுதிக் காட்டினதுக்கு அப்புறம்தான் இந்தக் கணக்கெல்லாம் மனுஷன் போடுற மாதிரி ஆச்சு, இம்பீடன்ஸ் வச்சு மேக்னட்டோடெல்லூரிக்ஸ் பண்ணினவங்களுக்கு இது புதுசே இல்ல. அடுத்து ஆக்டிவ் பவர், ரியாக்டிவ் பவர். ரியாக்டிவ் பவர்னா என்னன்னு உள்ளூர புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அவசரப்படாதீங்க. லைனுக்கும் காயிலுக்கும் நடுவுல ஒவ்வொரு சைக்கிள்லயும் போய்ட்டுப் போய்ட்டு வர்ற எனர்ஜி அது, வேலை செய்யாது, ஆனா வயர்ல கரண்டா ஓடி இடத்தை அடைச்சுக்கும், வோல்டேஜை ஏத்தி இறக்குறதும் அதுதான்.

அப்புறம் மூணு ஃபேஸ். இதை ஒரு கணக்கா போட்டுப் பாருங்க: 100 மெகாவாட் பிளான்ட், பவர் ஃபேக்டர் (மொத்தத்துல வேலை செய்ற பவரோட பங்கு) 0.95. 33 கிலோவோல்ட்ல அனுப்பினா கரண்ட் எவ்வளவு? 100 மெகாவாட்டை 1.732, 33,000, 0.95 மூணோட பெருக்கத்தால வகுத்தா சுமார் 1,840 ஆம்பியர். அதையே 132 கிலோவோல்ட்ல அனுப்பினா 460. கரண்ட் நாலுல ஒன்னாச்சு, ஒரே வயர்னா அதுல சூடா வீணாகுறது பதினாறுல ஒன்னாச்சு. பிளான்டுக்குப் பக்கத்துல ஏன் அவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் நிக்குதுன்னு இந்த ஒரு கணக்கு சொல்லிடும்.

அதுக்கு அப்புறம் பெர் யூனிட் முறை (எல்லா அளவையும் ஒரு அடிப்படை அளவோட பங்கா எழுதுறது), டிரான்ஸ்ஃபார்மர், சிமெட்ரிக்கல் காம்பொனன்ட்ஸ். இந்தக் கடைசியை 1918-ல ஃபோர்டெஸ்கியூ சொன்னாரு, சமமா இல்லாத மூணு ஃபேஸை மூணு சமமான தொகுதியா பிரிக்கிறது. ஸ்ட்ரெஸ் டென்சரை சராசரி அழுத்தம், விலகல்னு பிரிச்சுப் பழகின மனசுக்கு இது சீக்கிரம் பிடிபடும். கடைசியா புரொடெக்ஷன், ரிலே, அதாவது கோளாறைக் கண்டுபிடிச்சு லைனைத் துண்டிக்க வைக்கிற கருவி.

மேல சொன்ன மூணு தொகுதியில ஜீரோ சீக்வென்ஸ்னு (மூணு ஃபேஸ்லயும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி ஓடுற தொகுதி) வர்ற பகுதியில நம்ம ஆளுங்க நிமிந்து உக்காரலாம். லைன்ல ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டா கரண்ட் பூமி வழியா திரும்பி வரும். 1926-ல கார்சன் இதுக்குக் கணக்கு எழுதினாரு, அதுல மண்ணோட ரெசிஸ்டிவிட்டி வரும். 100 ஓம்-மீட்டர், 50 ஹெர்ட்ஸ்னா திரும்புற கரண்ட் சுமார் 930 மீட்டர் ஆழத்துல ஓடுற ஒரு வயர் மாதிரி நடந்துக்கும், 1,000 ஓம்-மீட்டர்னா கிட்டத்தட்ட 2,940 மீட்டர். நிறைய ஸ்டடியில 100-ன்னு டீஃபால்ட்டா போட்டுட்டுப் போயிடுவாங்க. கிரானைட் மேல ஓடுற லைனுக்கும் களிமண் மேல ஓடுற லைனுக்கும் ஒரே நம்பர்! அந்த நம்பரைப் பாத்து "இது எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேக்குற ஆளு ரூம்ல நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க.

பாறைக்கும் கிரிட்டுக்கும் இருக்குற உறவுக்கு 1989 மார்ச் 13-ஆம் தேதி கியூபெக்ல நடந்ததை விட பெரிய பாடம் இல்ல. சூரியப் புயல்ல பூமியோட காந்தப்புலம் ஆடுச்சு, அங்க கீழ இருக்குறது கனேடியன் ஷீல்டு, கரண்டை விடாத பழைய பாறை, அதனால தூண்டப்பட்ட கரண்ட் பாறைக்குப் பதிலா நீளமான டிரான்ஸ்மிஷன் லைன் வழியா ஓடி டிரான்ஸ்ஃபார்மர்களுக்குள்ள புகுந்துச்சு. சுமார் ஒன்றரை நிமிஷத்துல கிரிட் விழுந்துச்சு, அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தாங்க. இந்த ஆபத்தைக் கணக்கு போட இன்னைக்கும் ஆழமான பாறையோட கண்டக்டிவிட்டி மாடல் வேணும், அதைக் கொடுக்குறது மேக்னட்டோடெல்லூரிக்ஸ்தான்.

படி 4: எர்த்திங்கை முழுசா கத்துக்கோங்க

சப்ஸ்டேஷனுக்கு அடியில செம்புக் கம்பியில ஒரு பெரிய வலை புதைச்சிருப்பாங்க. ஃபால்ட் ஆகுறப்ப ஆயிரக்கணக்கான ஆம்பியர் அது வழியா மண்ணுக்குள்ள இறங்கும், மொத்த வலையும் தூரத்து மண்ணை விட பல ஆயிரம் வோல்ட் மேல ஏறலாம். அந்த நேரத்துல அங்க நடந்துட்டு இருக்குறவரோட ரெண்டு காலுக்கு நடுவுல வர்ற வித்தியாசம் ஸ்டெப் வோல்டேஜ், ஒரு இரும்பு கட்டமைப்பைத் தொட்டுட்டு நிக்கிறவரோட கைக்கும் காலுக்கும் நடுவுல வர்றது டச் வோல்டேஜ். இது ரெண்டும் உயிரை எடுக்காத அளவுல இருக்கணும், அதுதான் டிசைன். ஐ-ட்ரிபிள்-ஈ (எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்களோட அமைப்பு) போட்ட 80-ங்கிற ஸ்டாண்டர்டு டிசைனுக்கு, 81 அளவீட்டுக்கு. மனுஷ உடம்பை 1,000 ஓம்னு எடுத்துக்கிறாங்க. மேல ஜல்லி பரப்பி வைக்கிறது கூட இதுக்காகத்தான், ஈரமா இருந்தாலும் ஜல்லிக்கு ரெசிஸ்டிவிட்டி அதிகம், காலுக்கு அடியில ஒரு தடை மாதிரி நிக்கும்.

ஒரு சைட்டைப் பத்தி சொல்றேன். மேல காஞ்ச சரளை மண், கம்பி அடிச்சா டங்குன்னு சத்தம் வரும், உள்ள இறங்காது. ஒவ்வொரு கம்பியைச் சுத்தியும் உப்புத் தண்ணி ஊத்தித்தான் கான்டாக்ட் கிடைச்சுது. இடைவெளி 1 மீட்டர்ல ரெசிஸ்டிவிட்டி 900 ஓம்-மீட்டர், 2 மீட்டர்ல 690, 4-ல 310, 8-ல 110, 16-ல 85. கர்வ் எப்படி விழுதுன்னு பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மேல சுமார் ரெண்டு மீட்டர் காஞ்ச மண், கீழ ஈரமான களிமண். ரெண்டு லேயர்.

அந்த வேலையை எடுத்திருந்த ஒரு கன்சல்டன்சி இந்த அஞ்சு நம்பரையும் கூட்டி அஞ்சால வகுத்து 419-ன்னு டிசைன்ல போட்டுச்சு. அந்தத் தரைக்குள்ள எந்த மண்ணோட குணமும் 419 கிடையாது! அந்த நம்பரை வச்சு வலையை நெருக்கமா பின்னி செம்பை அள்ளிக் கொட்டியிருந்தாங்க. ரெண்டு லேயர் மாடல் போட்டுக் காட்டினோம்: மேல் லேயர் 950 கிட்ட, கீழ் லேயர் 80 கிட்ட. அப்ப என்ன பண்ணணும்? படுக்கையா கம்பியைக் கூட்டுறதுல பலன் கம்மி, மூணு நாலு மீட்டர் ராடை செங்குத்தா இறக்கிக் களிமண்ணைத் தொட வச்சா ரெசிஸ்டன்ஸ் மளமளன்னு குறையும். கூடவே மேல் லேயர் 900-க்கு மேல இருக்குறது நிக்கிற ஆளுக்குப் பாதுகாப்பாவும் இருக்கு. ரெண்டுமே அந்த ஒத்தை சராசரியில தெரியாது. எனக்குப் பவர் பக்கத்துல முதல் மரியாதை கிடைச்சது அந்த ஒரு கர்வாலதான்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியது. இடைவெளி கூடக் கூட மீட்டர்ல வர்ற நம்பர் சின்னதாயிடும், மேல சொன்ன சைட்ல 1 மீட்டர்ல 143 ஓம் காட்டின மீட்டர் 16 மீட்டர்ல 0.85 ஓம்தான் காட்டுச்சு. அந்த இடத்துல பக்கத்துல ஓடுற ஹைடென்ஷன் லைன்ல இருந்து வர்ற தொந்தரவு பெருசா தெரியும். அளக்குற வயரை லைனுக்கு இணையா போடாதீங்க, குறுக்க போடுங்க, இணையா போட்டா அந்த வயர்ல தூண்டப்பட்ட வோல்டேஜ் வந்து ரீடிங்கும் கெடும், கையும் பதம் பாக்கும். புதைஞ்சு கிடக்குற குழாய், வேலிக் கம்பிக்குப் பக்கத்துலயும் வேணாம். மழை முடிஞ்ச மறுநாள் அளந்துட்டு வந்து வருஷம் பூரா அதே நம்பர்னு எழுதாதீங்க, ஈரம் மாறினா ரெசிஸ்டிவிட்டி எப்படி ஓடும்னு 1942-ல இருந்து ஆர்ச்சி விதியை வச்சு நம்ம தலைமுறை தலைமுறையா படிச்சிட்டு வர்றோம்.

கேபிளும் இதே கதைதான். நிலத்தடி கேபிள் எவ்வளவு கரண்ட் தாங்கும்ங்கிறது செம்போட சைஸ் மட்டும் இல்ல, சுத்தி இருக்குற மண் சூட்டை எவ்வளவு வேகமா வாங்கிட்டுப் போகும்ங்கிறதும்தான். எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளுக்கு உள்ள 90 டிகிரிதான் எல்லை. கேபிள் தாங்குற கரண்டுக்கான ஐஈசி 60287 ஸ்டாண்டர்டு கணக்குல மண்ணோட தெர்மல் ரெசிஸ்டிவிட்டி (சூட்டை எவ்வளவு தடுக்கும்ங்கிறது) வரும். கேபிள் சூடு மண்ணைக் காய வைக்கும், காஞ்ச மண் சூட்டைத் தடுக்கும், கேபிள் இன்னும் சூடாகும், மண் இன்னும் காயும். மணல்ல இது சீக்கிரம் நடக்கும். எந்த இடத்துல மண் மாறுது, எங்க கேபிளைச் சுத்தி வேற மண் கொட்டி நிரப்பணும்னு சொல்ல ஜியாலஜி தெரிஞ்ச ஆளு வேணும்.

படி 5: மூணு புராஜெக்ட் செஞ்சு கையில வச்சுக்கோங்க

சர்டிஃபிகேட்டை விட இது பேசும். பைதான் தெரிஞ்சா செலவே இல்லாம எல்லாத்தையும் பண்ணலாம்.

முதல் புராஜெக்ட் எர்த்திங். ஏதாவது ஒரு வென்னர் டேட்டாவை ரெண்டு லேயருக்கு இன்வெர்ஷன் பண்ணி (அளந்த நம்பர்ல இருந்து மண் லேயரைக் கண்டுபிடிச்சு), ஒரு வலை டிசைன் பண்ணி, டச் வோல்டேஜ் எல்லைக்குள்ள வருதான்னு காட்டுங்க, கூடவே சராசரி போட்டா என்ன தப்பு வரும்னும் காட்டுங்க.

ரெண்டாவது சோலார். பிவி-லிப்-னு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இருக்கு, அதுல ஒரு பிளான்ட் வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கும்னு மாடல் பண்ணுங்க. பேனல்ல எழுதியிருக்குற வாட் எல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், செல் 25 டிகிரிங்கிற நிலைமையில அளந்தது. செல் 60 டிகிரிக்குப் போனா, டிகிரிக்கு 0.35 சதவீதம்னு வச்சா பன்னெண்டு சதவீதம் போயிடும். இதுல கட்டாயம் ஸ்ட்ரிங் சைஸிங் (ஒரே வரிசையில எத்தனை பேனல் கோக்கலாம்ங்கிற கணக்கு) சேருங்க, ஏன்னா இன்டர்வியூவுல அடிக்கடி வரும். பேனலோட ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 49, சிஸ்டம் எல்லை 1,500 வோல்ட். சும்மா வகுத்தா 30 பேனல் போடலாம்னு தோணும். ஆனா குளிர்ல வோல்டேஜ் ஏறும். டிகிரிக்கு 0.27 சதவீதம், அந்த இடத்துல மைனஸ் 5 வரைக்கும் போகும்னா 30 டிகிரி வித்தியாசம், 8.1 சதவீதம் ஏத்தம், ஒரு பேனல் 52.97 வோல்ட். முப்பது பேனல் 1,589 வோல்ட் ஆயிடும், எல்லையைத் தாண்டிடுச்சு. 28-தான் போடணும், அது 1,483. அதிகாலைக் குளிர்ல முதல் வெளிச்சம் படுற நேரத்துக்கு டிசைன் பண்ணணும்ங்கிறது இந்தக் கணக்குலதான் உறைக்கும்.

மூணாவது கிரிட். பாண்டாபவர்ங்கிற பைதான் லைப்ரரியில ஐ-ட்ரிபிள்-ஈ 14 பஸ் (பதினாலு இணைப்பு முனை) மாதிரி டெஸ்ட் நெட்வொர்க் தயாரா இருக்கும், அதுல ஒரு காத்தாலையைச் சேத்து வோல்டேஜ் எங்க ஏறுது, எந்த லைன் நிரம்புதுன்னு பாருங்க. காத்துல இருக்குற சக்தி வேகத்தோட மூணாம் அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும்ங்கிறதை மறக்காதீங்க, வினாடிக்கு 6 மீட்டர்ல இருந்து 7-க்குப் போனா காத்துல இருக்குற சக்தி 59 சதவீதம் கூடும். அதனால காத்து அளவுல சின்னத் தப்பு வந்தாலும் கடைசியில பெருசா நிக்கும். அந்த சக்தியில பெட்ஸ் எல்லைப்படி 59.3 சதவீதத்துக்கு மேல எடுக்கவும் முடியாது, ரெண்டு 59-ஐயும் குழப்பிக்காதீங்க.

வேலையில பிவி-சிஸ்ட், ஈடாப், பவர்ஃபேக்டரி, பிஎஸ்எஸ்-ஈ மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் வரும். வாங்கிப் படிக்கிறதுக்கு அலைய வேணாம், அடிப்படை இருந்தா கம்பெனியில ஒரு மாசத்துல பிடிச்சுக்கலாம்.

படி 6: டிகிரி வேணுமா?

டிசைன் டிராயிங்ல கையெழுத்துப் போடுற உரிமை, லைசென்ஸ், இதெல்லாம் வேணும்னா அங்கீகாரம் பெற்ற எலக்ட்ரிக்கல் டிகிரி பெரும்பாலான இடங்கள்ல கேப்பாங்க. அறிவியல் டிகிரி வச்சிருக்கவங்க ஒரு மாஸ்டர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி அந்த மாஸ்டர்ஸ் லைசென்ஸுக்குக் கணக்குல வருமா, வாஷிங்டன் அக்கார்டு மாதிரி (நாடுகளுக்கு நடுவுல இன்ஜினியரிங் டிகிரியை ஏத்துக்கிற) ஒப்பந்தத்துல அது அடங்குமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ஏன்னா நிறைய இடத்துல இளங்கலை இன்ஜினியரிங்கைத்தான் பாப்பாங்க. எனர்ஜி மேனேஜ்மென்ட் மாதிரி பொதுவான மாஸ்டர்ஸை விட பவர் சிஸ்டம்ஸ் மாஸ்டர்ஸ் நல்லது, அனுமதி கஷ்டம், சர்க்யூட், மெஷின்ஸ்னு பிரிட்ஜ் பேப்பர் எழுதச் சொல்வாங்க, எழுதுங்க.

சைட் அனாலிசிஸ், எர்த்திங் சர்வே, கேபிள் ரூட், உற்பத்தி மதிப்பீடு இதுக்கெல்லாம் கூட ஒரு டிகிரி இல்லாமலே சேந்தவங்க இருக்காங்க. அதனால இருக்குற வேலையை விட்டுட்டுப் படிக்கப் போறதுக்கு முன்னாடி, இப்ப இருக்குற இடத்துலயே எர்த்திங் சர்வேயோ கேபிள் சர்வேயோ கேட்டு வாங்கிப் பண்ண முடியுமான்னு பாருங்க. நான் அப்படித்தான் ஒன்றரை வருஷம் ஓட்டினேன்.

படி 7: கரண்டை கிட்ட போய் பாருங்க, மரியாதையோட

புத்தகத்துல மட்டும் படிச்சா பயமும் வராது, தெளிவும் வராது. ஒரு எலக்ட்ரீஷியனோட, ஒரு கமிஷனிங் டீமோட ஒரு வாரம் நின்னு பாருங்க. லாக்-அவுட் டேக்-அவுட்னா (வேலை நடக்கும்போது யாரும் ஸ்விட்சைப் போடாம பூட்டி அட்டை மாட்டுறது) என்ன, கரண்ட் இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறமும் ஏன் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு எர்த் பண்றாங்கன்னு கண்ணால பாருங்க. சோலார்ல ஒன்னு கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்: வெளிச்சம் இருக்குற வரைக்கும் பேனலை அணைக்க முடியாது. அதோட டிசியில கரண்ட் ஏசி மாதிரி ஒவ்வொரு சைக்கிள்லயும் ஜீரோவைத் தொடாது, அதனால தீப்பொறி கிளம்பினா தானா அணையாது. லோடுல ஓடுற கனெக்டரை எவ்வளவு அவசரம்னாலும் கையால பிடுங்காதீங்க.

படி 8: பயோடேட்டா, இன்டர்வியூ

"2டி ரெசிஸ்டிவிட்டி டோமோகிராஃபி, சீஸ்மிக் ரிஃப்ராக்ஷன்"னு எழுதினா ஆள் எடுக்குறவங்க தாண்டிப் போயிடுவாங்க. "எர்த்திங் டிசைனுக்கான மண் ரெசிஸ்டிவிட்டி அளவீடு, ரெண்டு லேயர் மாடல், ஐ-ட்ரிபிள்-ஈ 81 முறைப்படி"ன்னு எழுதுங்க, ஆனா உண்மையிலேயே அந்த முறைப்படி பண்ணியிருந்தா மட்டும்.

"ஏன் மாறுறீங்க?"ன்னு கேப்பாங்க. பழைய துறையைக் குறை சொல்லாதீங்க. மேல சொன்ன 419 மாதிரி உங்க அனுபவத்துல ஒரு சம்பவம் இருந்தா அதைச் சொல்லுங்க. டெக்னிக்கலா கேக்குறதுல பெரும்பாலும் சிங்கிள் லைன் டயகிராம் (மூணு ஃபேஸையும் ஒத்தைக் கோடா காட்டுற வரைபடம்) கொடுத்துப் படிக்கச் சொல்வாங்க, ஷார்ட் சர்க்யூட் கரண்ட் தோராயமா கேப்பாங்க. இன்வெர்ட்டர் பத்தி ஒரு கேள்வி வரும், ஃபால்ட் வந்தா பழைய ஜெனரேட்டர் மாதிரி அஞ்சாறு மடங்கு கரண்டை அது கொடுக்காது, தன்னோட அளவுக்குக் கொஞ்சம் மேல, பெரும்பாலும் 1.1-ல இருந்து 1.5 மடங்குக்குள்ள நிறுத்திக்கும், அதனால பழைய ரிலே செட்டிங் எல்லாம் மாத்தி யோசிக்கணும். 2016 செப்டம்பர் 28-ல தென் ஆஸ்திரேலியா முழுக்க கரண்ட் போன சம்பவத்தைப் படிச்சிட்டுப் போங்க. புயல்ல டிரான்ஸ்மிஷன் டவர்கள் விழுந்து வோல்டேஜ் அடுத்தடுத்து இறங்க, காத்தாலைகள்ல இத்தனை தடவைக்கு மேல தாங்காதேன்னு ஏற்கனவே வச்சிருந்த ஒரு செட்டிங்கால சில வினாடியில 456 மெகாவாட் குறைஞ்சு, மொத்த மாநிலமும் இருட்டாச்சு. அந்த அறிக்கையை ஒரு ஃபீல்டு ரிப்போர்ட் படிக்கிற மாதிரி நேரத்தோட வரிசையில படிச்சா, புரொடெக்ஷன், இனர்ஷியா (சுத்துற மெஷின்கள்ல இருக்குற உந்தம் கிரிட்டைத் தாங்குறது), ரைடு-த்ரூ (வோல்டேஜ் இறங்கினாலும் விலகாம தாங்கி நிக்கிறது) மூணும் ஒரே இடத்துல புரியும்.

படி 9: சேந்த முதல் ஆறு மாசம்

சம்பளமும் பதவியும் ஒரு படி கீழ இருக்கலாம், அதுக்கு மனசையும் வீட்டுக் கணக்கையும் முன்னாடியே தயார் பண்ணிக்கோங்க. உங்களை விடச் சின்னவங்க உங்க கணக்கைத் திருத்துவாங்க, திருத்தட்டும், நன்றி சொல்லிட்டு எழுதி வச்சுக்கோங்க. எர்த்திங் மட்டும் உங்ககிட்ட வந்துட்டே இருந்தா அதுலயே அடைஞ்சு போயிடாம, நீங்க கொடுத்த ரெசிஸ்டிவிட்டி நம்பர் அடுத்து எந்த ஸ்டடிக்குள்ள போகுதுன்னு பின்தொடருங்க. எர்த்திங்ல இருந்து ஃபால்ட் கரண்டுக்கு, ஃபால்ட் கரண்ட்ல இருந்து ரிலேக்கு, ரிலேயில இருந்து ஸ்டெபிலிட்டிக்கு. அந்த பிளான்டோட சிங்கிள் லைன் டயகிராமை பெரிய பேப்பர்ல பிரின்ட் எடுத்து மேஜைக்கு எதிர்ல ஒட்டி, புரிஞ்ச பகுதிக்கு மட்டும் பென்சில்ல கலர் அடிச்சிட்டு வாங்க. என்னோடது முழுசா கலர் ஆக பதினொரு மாசம் ஆச்சு, கடைசியா வெள்ளையா கிடந்தது டிஸ்டன்ஸ் ரிலே, அதாவது கோளாறு எவ்வளவு தூரத்துலன்னு பாத்து லைனைத் துண்டிக்க வைக்கிறது.